விரதம் இருந்த ஆமை

பித்தளை ஆமையைத் தட்டில் தண்ணீர் ஊற்றி வடக்குப் பார்த்து வைத்தால் வீட்டில் பணம் கொட்டும். உயிருள்ள ஆமை வாசல்படி தாண்டி உள்ளே வந்தால் குடும்பம் நாசமாகப் போகும். இந்த இரண்டையும் என்னிடம் சொன்னவர் ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே மூச்சில். என் அக்காவின் கணவர். அக்கா புருஷனை எங்கள் பக்கத்தில் பாவா என்போம்.

"ஆமை பூந்த வூடும் அமீனா பூந்த வூடும் உருப்படாதுன்னு தெரியாதா உனக்கு? எடுத்துகினு போய் கோயில் கொளத்துல வுட்டுட்டு வா" என்றார்.

"இது தரையில வாழ்ற ஆமை, பாவா. தண்ணியில போட்டா அம்மிக்கல்லு மாதிரி அடியில போய்டும்."

"ஆமை தண்ணியில முழுகிச் சாவுமா? யார்கிட்ட கதை வுடுற?"

அவருக்குப் பின்னால், டிவிக்குப் பக்கத்தில், அவர் வாங்கி வைத்த பித்தளை ஆமை வடக்கைப் பார்த்துக்கொண்டு தண்ணீரில் நின்றது. அது வந்து ஐந்தாறு வருடம் இருக்கும். பணம் கொட்டியதாக எனக்கு நினைவில்லை.

உயிருள்ள ஆமை என் மகளுடையது. சென்னையில் படிக்கிறாள். ஒரு கடையில் உள்ளங்கை அளவில் இருந்ததைப் பார்த்து மனம் இளகி வாங்கிவிட்டாள். ஆப்பிரிக்காவில் பாலைவனத்து ஓரமாக வாழும் ஜாதியாம். "இதுக்கு மேல வளராதுன்னு கடைக்காரர் சொன்னாரும்மா" என்றாள். அந்தக் கடைக்காரன் மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. சோப்புப் பெட்டிக்குள் அடங்கியது ஒரு வருடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஆனது. இன்னும் வளரும், ஆள் உட்காரும் அளவுக்குக்கூட வளரும் என்று பிறகு விசாரித்துச் சொன்னாள். விடுதியில் பார்த்துவிட்டார்கள். ஆமையா படிப்பா என்று கேட்டார்கள். ஆமை திருத்தணிக்கு வந்தது.

எங்கள் வீட்டில் கீழே அக்காவும் பாவாவும். மாடியில் ஒற்றை அறையில் நான். அப்பா கட்டிய வீடு, இரண்டு பேருக்கும் எழுதிக் கொடுத்த வீடு. ஆனால் புருஷனோடு வாழாமல் திரும்பி வந்தவளுக்கு மாடியறையே அதிகம் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பேச ஆரம்பித்தால் ஆமைக்கு வர முடியாது. குளத்துக்குப் போகாமல் ஆமை என்னோடு மாடியிலேயே தங்கிவிட்டது.

வளர்கிற ஆமைக்குத் தீனி போடுவது வளர்கிற பிள்ளைக்குச் சோறு போடுவது மாதிரிதான். போடப் போட உள்ளே போகும். புல்தான் பிரதான சாப்பாடு. அருகம்புல், செம்பருத்தி இலை, முள் சீவிய சப்பாத்திக்கள்ளி. பழம் ஆகாது, சோறு ஆகாது, பால் ஆகவே ஆகாது. மலையடிவாரத்தில் பூ விற்கும் அம்மாவிடம் தினமும் அருகம்புல் வாங்கினேன். ஒருநாள் அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "தெனம் இத்தினி புல் வாங்குறியே, புள்ளையாரு மேல அவ்ளோ பக்தியா?" என்றாள். "ஆங், வூட்ல ஒருத்தர் கீறாரு, நல்லா சாப்பிடுவாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆமை வளர்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஓட்டில் கட்டம் கட்டமாக இருக்கும். அந்தக் கட்டங்களுக்கு நடுவே மெலிதாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். நன்றாகத் தின்று வளர்கிறதென்றால் அந்தக் கோடு அகலமாகி, பால் மாதிரி பளிச்சென்று தெரியும். வேலை முடிந்து வந்ததும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். என் மகள் சிறியவளாக இருந்தபோது கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுப் பார்ப்பேனே, அந்த ஆசை.

ஐப்பசியில் மகள் போன் செய்து பாடம் எடுத்தாள். இது குளிர்காலத்தில் தூங்கும் ஜாதி இல்லை. குளிர்ந்தால் சுருண்டு கிடக்கும், தின்னாது. தின்னாமலே விட்டால் செத்துப்போகும். ராத்திரி பெட்டிக்குள் வைத்து மேலே குண்டு பல்பு போட வேண்டும். கோழிப்பண்ணையில் குஞ்சுகளுக்குப் போடுவார்களே, அந்த மஞ்சள் பல்பு. காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்க வைக்க வேண்டும். அப்புறம் வெயில். தீனி கடைசியில்தான்.

"ஒடம்பு சூடாகாம தீனி வெச்சா திரும்பிக்கூடப் பாக்காதும்மா. சூடு மொதல்ல, சோறு அப்புறம். மறந்துடாத."

திருத்தணியில் என்ன பெரிய குளிர் என்று சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். கார்த்திகை மழையில் மலையடிவாரத்து வீட்டில் வந்து ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். சுவரெல்லாம் ஈரம், தரையெல்லாம் சில்லென்று இருக்கும். வெயில் ஊருக்கெல்லாம் வந்த பிறகுதான் மலையைத் தாண்டி எங்கள் மாடிக்கு வரும்.

அந்த வெயிலைப் பார்க்க நான் வீட்டில் இருப்பதில்லை. அரக்கோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். இருட்டோடு கிளம்பி ரயில் பிடித்தால், இருட்டிய பிறகுதான் திரும்புவேன். செவ்வாய்க்கிழமை ஒருநாள் விடுமுறை. அதனால் தண்ணீரில் நிற்க வைத்துப் பெட்டியில் திரும்ப விடுவது வரைக்கும் என் வேலை. வெயில் வந்ததும் எடுத்து வெளியே விட்டுத் தீனி வைப்பது அக்காவின் வேலை. அக்கா மறக்கமாட்டாள். யாருக்குச் சோறு போடுவதையும் அவள் மறந்ததில்லை.

கார்த்திகை பிறந்தது. விடாமல் மழை. வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வாரம்தான் பாவா ஐயப்பனுக்கு மாலை போட்டார். தலைக்கு மேலே மலையில் முருகன் உட்கார்ந்திருக்க, வருடா வருடம் கேரளாவுக்குத்தான் போவார். போகட்டும், அது அவர் பக்தி. நான் குறை சொல்ல வரவில்லை. நானும் கிருத்திகைக்குப் படி ஏறுகிறவள்தான்.

மழைக்குளிரில் ஆமை தீனியைத் தொடவில்லை. அக்கா வைத்த புல்லைப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. இரண்டு மூன்று நாள் இதைப் பார்த்த பாவாவுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது.

"நான் மாலை போட்ட நாள்லேர்ந்து அது சாப்பிடலை, கவனிச்சீங்களா? சாமி வெரதம் இருக்கிது!"

முதலில் வேடிக்கை என்று நினைத்தேன். வேடிக்கை இல்லை. குளத்தில் போடு என்று சொன்ன அதே வாய், இப்போது 'ஆமை சாமி' என்றது. மாலை போட்டவர்கள் ஒருவரையொருவர் சாமி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் ஆமையும் சேர்ந்துவிட்டது. பாவாவின் குருசாமி, அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வந்து பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கூர்மாவதாரம்பா இது. உன் பாக்கியம்" என்றார். ஒரு சின்ன துளசிமணி மாலையைச் சுற்றி ஓட்டின் மேல் வைத்தார்கள். மாலை நிற்காமல் சரிந்துகொண்டே இருந்ததால் நூலால் கட்டினார்கள். நான் ரயிலில் வந்துகொண்டிருந்தேன்.

வந்து பார்த்தால் மாடியில் பெட்டி காலி. பல்பு சும்மா எரிந்துகொண்டிருக்கிறது. ஆமை கீழே பூஜை அறையில் இருக்கிறது. கடப்பைக் கல் தரை. விடியற்காலையில் தினமும் தண்ணீர் விட்டுக் கழுவுகிற தரை. வீட்டிலேயே குளிர்ந்த இடம் எது என்று தேடிக் கண்டுபிடித்து வைத்த மாதிரி இருந்தது.

"பாவா, குளிர்ல செத்துப் பூடும். பெட்டியையாவது உள்ள வைங்க, பல்பு போடணும்."

"சாமி ரூம்ல கோழிப் பல்பு எதுக்கு? விளக்கு எரியுதுல்ல?"

"விளக்கு அதுக்குப் போதாது பாவா."

"மொதல்ல நீ தள்ளி நில்லு. வெளிய போய்ட்டு வந்திருக்கிற. குளிச்சியா?"

என் ஆமையைப் பார்க்க நான் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு வர வேண்டும். மாதத்தில் சில நாள் குளித்தாலும் வரக்கூடாது, மாடியைவிட்டே இறங்கக்கூடாது. ஒவ்வொரு இரவும் சண்டை போட்டேன். ஒவ்வொரு இரவும் பல்பைக் கொண்டுபோய் மாட்டினேன். விடியும்போது அது கழற்றி மாடிப்படியில் வைக்கப்பட்டிருக்கும். விடுமுறைச் செவ்வாயில் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், பண்டிகை வியாபாரம் என்று கடையில் விடுமுறையைப் பிடுங்கிவிட்டார்கள். மகளிடம் சொன்னேன். அழுதாள். பரீட்சை நேரம், அவளால் வர முடியவில்லை.

இதற்குள் ஊருக்குச் செய்தி போய்விட்டது. ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு குடும்பமே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆமைக்கு மஞ்சள், குங்குமம், சந்தனம். வாழைப்பழம், சர்க்கரைப் பொங்கல், பஞ்சாமிர்தம். ஒன்றையும் அது தொடவில்லை. நல்லவேளை, தொட்டிருந்தால் வயிறு கெட்டுச் செத்திருக்கும். தொடாததும் அதற்குப் பெருமையாகிவிட்டது.

"பஞ்சாமிர்தத்தையே திரும்பிப் பாக்கலையே! நம்பளால முடியுமா?" என்று ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்கு அங்கேயே பஞ்சாமிர்தக் கிண்ணத்தைத் தூக்கி எறியவேண்டும் போல இருந்தது. குளிரில் விறைத்துக் கிடப்பதைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். குளிருவதால் தின்னவில்லை. தின்னாததால் சாமி. சாமி என்பதால் குளிர்ந்த தரை. இந்தச் சுற்றிலிருந்து அதை வெளியே எடுக்க ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. எடுக்க நினைத்தவள் குளிக்கவில்லை என்று வெளியே நிறுத்தப்பட்டாள்.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை கடையில் விடுமுறை கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டில் பஜனை. சாமிகளுக்குச் சமைக்க அக்கா கோழி கூவும் முன்னே எழுந்து குளித்திருந்தாள். வெந்நீர் வைக்கமாட்டாள். மாலை போட்டவர் பச்சைத் தண்ணீரில் குளிக்கும்போது பெண்டாட்டி வெந்நீரில் குளிக்கலாமா என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளாகவே சொல்லிக்கொண்டது. ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் எல்லா சாமிகளும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருந்தால். செவ்வாயில் அதுவும் கிடையாது. மாலை போட்ட பாவா பகலில் வயிறார அன்னதானம் சாப்பிட்டார். விரதம் முழுக்க அக்காவின் தலையில். பார்க்கிறவர்கள் எல்லாம் "மகராசி" என்றார்கள்.

நானும் குளித்துவிட்டுப் பூஜை அறைக்குள் போனேன். யாரையும் கேட்கவில்லை. ஆமையைத் தூக்கினேன்.

கனமே இல்லை. தூக்கிப் பழகிய கைக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே ஒன்றும் இல்லாத தேங்காயைத் தூக்குவது மாதிரி இருந்தது. நூலை அறுத்து மாலையை எடுத்துச் சுவாமி படத்தின் முன்னால் மரியாதையாகவே வைத்தேன். குழாயடியில் உட்கார்ந்து ஈரத்துணியால் சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்தேன். ஒவ்வொரு கட்டமாகத் துடைத்துக்கொண்டே வெள்ளைக் கோட்டைத் தேடினேன். இல்லை. ஒரு கட்டத்திலும் இல்லை. கார்த்திகையிலேயே வளர்ச்சி நின்றுபோயிருக்கிறது. அது தெரியாதபடி மேலே சந்தனம் அப்பி வைத்திருக்கிறார்கள். கண் இரண்டும் குழி விழுந்திருந்தது.

அழுகை வரவில்லை, கோபம்தான். மாடிக்குக் கொண்டுபோய் வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டேன். கடைக்குப் போன் செய்து வாரம் முழுக்க வரமாட்டேன் என்றேன். வேலையை விட்டே நிறுத்திவிடுவோம் என்றார்கள். நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன்.

பாவா படியேறி வந்தார். பின்னாலேயே குருசாமி.

"சாமியை எங்க எடுத்துகினு வந்த? பஜனைக்கு ஜனங்க வந்துகினு கீறாங்க. இன்னும் கொஞ்ச நாள்ல வெரதம் முடியப் போவுது, அதுக்குள்ள கலைக்கிறியே, பாவம் சும்மா வுடுமா?" என்றார் பாவா.

நான் அவரிடம் அதுவரை குரலை உயர்த்தியதில்லை. சண்டை போட்டிருக்கிறேன், ஆனால் அக்கா முகத்துக்காகக் குரலை அடக்கித்தான். அன்றைக்குத் தெருவே கேட்டது.

"வெரதமா? சோறு எதிர்ல இருந்தும் வேணாம்னு சொல்றது வெரதம், பாவா. தின்ன முடியாம கெடக்கிறது பட்டினி. வெரதம் இருக்கிறேன்னு அது உங்ககிட்ட வந்து சொல்லிச்சா? ஒரு வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டு, அது தாங்கிக்கினு கெடக்கிறதைப் பாத்து பாத்து கும்புடுறீங்களே, உங்க சாமி இதைக் கேட்டாரா? மாலை அறுத்தது நான். பாவம் எனக்குத்தான். போய் பஜனை பண்ணுங்க."

குருசாமி வாயைத் திறந்தார். "ஐயா, பெரியவங்க நீங்க. என் வாயைக் கிளறாதீங்க" என்றேன். மூடிக்கொண்டார். இருவரும் இறங்கிப் போனார்கள். அன்று பஜனையில் சத்தம் குறைவாகத்தான் இருந்தது.

அக்கா அவ்வளவு நேரமும் படிக்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அந்த வாரம் நான் மாடியைவிட்டு இறங்கவில்லை. பகலும் இரவும் பல்பு. காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீர். மகள் ஒரு கால்நடை மருத்துவரைக் கேட்டு, உடனே தீனியைத் திணிக்காதே என்று சொன்னாள். சூடு முதலில். அக்கா சமையலுக்கு நடுவே சுடுதண்ணீர்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். வெயில் வந்ததும் ஆமையை மொட்டைமாடியில் சாக்குமேல் விட்டேன். முதலில் தலை வெளியே வந்தது. மறுநாள் கால். பிறகு நாலடி நடந்தது. புல்லைப் பார்த்தது, தின்னவில்லை. நான் புல்லைத் திட்டினேன், பாவாவைத் திட்டினேன், கடைக்காரனைத் திட்டினேன், ஆமையையும் திட்டினேன்.

ஒருநாள் முற்பகல். வெயில் நன்றாக அடித்தது. அக்கா தண்ணீர்ப் பாத்திரத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையில் ஒரு செம்பருத்தி வைத்திருந்தாள். எடுத்து ஆமையின் முன்னால் போட்டாள். அது கழுத்தை நீட்டியது. முகர்ந்தது. வாயைத் திறந்து பூவின் ஓரத்தைக் கடித்தது. கடித்தது கீழே விழுந்தது. மறுபடி கடித்தது. மென்றது. சிவப்புச் சாறு வாயோரத்தில் ஒட்டிக்கொண்டது. பூ முடிந்ததும் அருகம்புல்லுக்குத் திரும்பியது.

நான் சத்தமாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அக்கா சிரிக்கவில்லை. ஆமை மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவள் கையைக் கவனித்தேன். வளையல்கள் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைவரை போயிருந்தன. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. நாள் தவறாமல் எதிரில் பார்த்த முகம்தான். ஆமையின் கண் குழி விழுந்தது தெரிந்த எனக்கு இது தெரியவில்லை.

"அக்கா, நீ சாப்ட்டியா?"

அவள் வளையல்களை மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பசிக்கிதுடி" என்றாள். "கார்த்திகைலேர்ந்தே பசிக்கிது. தலை சுத்துது. யார்கிட்ட சொல்றது? எல்லாரும் மகராசின்றாங்க."

அடுப்பில் சூடாக இட்லி ஊற்றினேன். அவள் குளித்திருந்தாளா, அன்று என்ன கிழமை, சாமிகள் சாப்பிட்டார்களா என்று எதையும் கேட்கவில்லை. வெயிலில், ஆமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டாள். ஆமையைப் போல முதல் வாய் அவளுக்கும் கொஞ்சம் தவறியது. மறுவாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தமே இல்லை, இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார்.

பாவா மலைக்குப் போய்விட்டு வந்தார். மாலையைக் கழற்றினார். ஆமையின் ஓட்டில் தை கடைசியில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அதை அவருக்கும் காட்டினேன். தொட்டுப் பார்த்து, "பரவால்லையே" என்றார். இப்போது மலையடிவாரத்திலிருந்து அவரே அருகம்புல் வாங்கி வருகிறார். வேலை செய்யும் இடத்திலெல்லாம் எங்க வீட்டு ஆமை என்று பெருமையாகச் சொல்கிறாராம்.

வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்கிறார், "ஆமை சாப்டுச்சா?"

அக்கா சாப்பிட்டாளா என்று இதுவரை ஒருநாளும் கேட்கவில்லை. நான் படிக்கட்டில் நின்று தினமும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.